எத்தியோப்பியாவின் சமயங்களும் பழம்பெருமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எத்தியோப்பியா என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 1984-இல் செய்தித்தாள்களில் வந்த பஞ்சப் படங்கள். விளையாட்டுச் செய்தி படிப்பவர்களுக்கு, வெறுங்காலில் மாரத்தான் ஓடிய அபேபே பிகிலா. நாலாம் நூற்றாண்டிலேயே அரசன் கிறிஸ்தவனான நாடு, மக்காவிலிருந்து தப்பி வந்த முதல் முஸ்லிம்களுக்கு அடைக்கலம் கொடுத்த நாடு, சொந்த எழுத்தும் சொந்த நாட்காட்டியும் வைத்திருக்கும் நாடு என்று சொன்னால் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். அப்படி வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே பழசு என்பது பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கும் பழசு. எண்ணூறு வருடம் முன்பு பாறையில் குடைந்த கோயிலில் இன்று காலையும் பூசை நடந்திருக்கும்.

எத்தியோப்பியர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்களா?

இல்லை. 2007 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் 43.5 விழுக்காடு, முஸ்லிம்கள் 33.9, புராட்டஸ்டன்ட் பிரிவினர் 18.6. மரபு வழிபாடுகளைப் பின்பற்றுவோர் 2.6 விழுக்காடு, கத்தோலிக்கர் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே.

இந்த எண்கள் காட்டாத ஒரு விஷயம், குடும்பங்களுக்குள் இருக்கும் கலப்பு. பிரதமர் அபிய் அகமதையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா முஸ்லிம், அம்மா ஆர்த்தடாக்ஸ், அவர் பெந்தகொஸ்தே. அதற்காக வித்தியாசமே பார்ப்பதில்லை என்று நினைக்க வேண்டாம். ஆர்த்தடாக்ஸ் வீட்டில் முஸ்லிம் அறுத்த இறைச்சியைச் சாப்பிட மாட்டார்கள். முஸ்லிம் வீட்டில் கிறிஸ்தவர் அறுத்ததைத் தொட மாட்டார்கள். கலப்புக் கல்யாண விருந்தென்றால் இரண்டு சமையல் நடக்கும்.

கிறிஸ்தவம் வருவதற்கு முன் என்ன வழிபாடு இருந்தது?

வடக்கே யேஹா என்ற ஊரில் ஒரு கற்கோயில் நிற்கிறது. வயது சுமார் 2,700 ஆண்டுகள். சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கல்மேல் கல் பொருத்திக் கட்டிய சுவர். செங்கடலுக்கு அக்கரையில், இன்றைய யேமனில் இருந்த சபா நாட்டாரின் கடவுளான அல்மகாவுக்கு எழுப்பியது. அங்கேயும் இங்கேயும் ஒரே மாதிரி எழுத்து, ஒரே மாதிரி தெய்வங்கள். அக்சும் அரசர்கள் மஹ்ரெம் என்ற போர்த் தெய்வத்தின் மக்களாகத் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள்.

அக்சும் என்றால் ஊரா, பேரரசா?

இரண்டும். இன்று அது திக்ரை மாநிலத்தில் ஒரு நடுத்தர ஊர். கி.பி. முதல் நூற்றாண்டிலிருந்து ஏழாம் நூற்றாண்டு வரை செங்கடல் வணிகத்தைக் கையில் வைத்திருந்த அரசின் தலைநகர். அதன் துறைமுகமான அதுலிஸ் இன்றைய எரித்திரியாவில் இருக்கிறது. தந்தம், ஆமை ஓடு, காண்டாமிருகக் கொம்பு எல்லாம் அங்கிருந்துதான் கப்பல் ஏறின. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து பொன், வெள்ளி, செம்பு நாணயங்களைச் சொந்தமாக அடித்தார்கள். அக்காலத்தில் பொற்காசு அடிக்கும் வலு மிகச் சில அரசுகளுக்கே இருந்தது. அக்சும் காசுகள் தென்னிந்தியாவிலும் கிடைத்திருக்கின்றன. மறுபக்கம், தெப்ரே தாமோ மடத்தில் வட இந்தியக் குஷாண அரசர்களின் பொற்காசுகள் நூற்றுக்கும் மேல் கிடைத்தன. யார் கொண்டுபோனார்கள் என்று சொல்ல முடியாது; காற்றும் கப்பலும் இருந்த இடத்தில் காசு போகத்தானே செய்யும்.

அக்சுமில் இன்றும் பார்க்க வேண்டியவை அந்த ஒற்றைக்கல் தூண்கள். அரசர்களின் கல்லறைகளுக்கு அடையாளமாக நட்டவை. மேலெழும் மாடிவீடு போலவே செதுக்கியிருக்கிறார்கள்: கீழே பூட்டோடு பொய்க் கதவு, மேலே வரிசையாகச் சன்னல்கள். எல்லாவற்றிலும் பெரியது 33 மீட்டர் நீளம், ஐந்நூறு டன்னுக்கு மேல் எடை. அது விழுந்து உடைந்து கிடக்கிறது. நிறுத்தும்போதே சரிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இன்னொன்று, 24 மீட்டர் தூண். அதை 1937-இல் முசோலினியின் படை ரோமுக்கு எடுத்துப் போனது. திருப்பித் தருவதாக 1947-இல் ஒப்புக்கொண்ட இத்தாலி, 2005-இல்தான் தந்தது. மூன்று துண்டுகளாக விமானத்தில் வந்து 2008-இல் பழைய இடத்தில் நின்றது. ஒரு கல்லுக்கு எழுபது வருட வனவாசம்.

கிறிஸ்தவம் எப்படி வந்தது? ஐரோப்பியப் பாதிரிமார்கள் கொண்டுவந்ததா?

இந்தத் தப்பெண்ணம் மிகப் பரவலாக இருக்கிறது. ஐரோப்பாவின் பல நாடுகள் கிறிஸ்தவத்தைக் கேள்விப்படுவதற்கு முன்பே அக்சும் கிறிஸ்தவ நாடாகிவிட்டது.

கதை இப்படி. இன்றைய லெபனானில் இருக்கும் தீர் நகரத்துக்காரர்களான ஃப்ருமென்டியுஸ், ஏடெசியுஸ் என்ற இரண்டு இளைஞர்கள் வந்த கப்பல் செங்கடல் கரையில் தாக்கப்பட்டது. தப்பிய இருவரும் அக்சும் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அரசன் இறந்ததும், சிறுவனாக இருந்த இளவரசனை வளர்ப்பதில் ராணிக்கு ஃப்ருமென்டியுஸ் துணையாக இருந்தார். பிறகு அலெக்சாந்திரியா சென்று, அங்கே தலைமை ஆயராக இருந்த அத்தனாசியுஸிடம் ‘இந்த நாட்டுக்கு ஓர் ஆயரை அனுப்புங்கள்’ என்று கேட்க, அவர் ‘உன்னைவிடப் பொருத்தமானவர் யார்?’ என்று ஃப்ருமென்டியுஸையே ஆயராக்கி அனுப்பிவிட்டார். எத்தியோப்பியர்கள் அவரை அபா சலாமா, அதாவது சமாதானத் தந்தை என்கிறார்கள். இதை முதலில் எழுதிவைத்த ரூஃபினுஸ் என்ற ஆசிரியர் அந்த நாட்டை ‘இந்தியா’ என்றே குறிப்பிடுகிறார். அக்கால ரோமர்களுக்குச் செங்கடலைத் தாண்டினால் எல்லாம் இந்தியாதான்.

அந்த இளவரசன்தான் பிற்பாடு அரசனான எசானா. அவன் மதம் மாறியதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி அவனுடைய காசுகள். முதலில் அடித்தவற்றில் பிறையும் வட்டமும் இருக்கின்றன. பின்னால் அடித்தவற்றில் சிலுவை. கொள்கை மாற்றத்தை அறிவிக்க இதைவிட நேரடியான வழி அக்காலத்தில் ஏது?

எத்தியோப்பியச் சபையின் பெயரில் ‘தெவாஹிதோ’ என்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

எத்தியோப்பியாவின் பழைய வழிபாட்டு மொழியான கீஸில் ‘ஒன்றாக்கப்பட்டது’ என்று பொருள். கிறிஸ்துவிடம் தெய்வத் தன்மையும் மனிதத் தன்மையும் பிரிக்க முடியாமல் ஒரே இயல்பாக ஒன்றியிருக்கின்றன என்பது கொள்கை. 451-இல் கால்செதோன் என்ற இடத்தில் கூடிய சங்கம் ‘இரண்டு இயல்புகள்’ என்று தீர்மானித்தபோது அதை ஏற்காத திருச்சபைகளில் எத்தியோப்பியாவும் ஒன்று. எகிப்தின் காப்டிக் சபை, ஆர்மீனிய சபை, சிரிய ஆர்த்தடாக்ஸ், நம் பக்கத்துக் கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை எல்லாம் இதே குடும்பம்தான். இந்தச் சபைகளின் தலைவர்கள் பல நூற்றாண்டுக்குப் பிறகு ஒன்றாகக் கூடியது 1965-இல், அடிஸ் அபாபாவில், பேரரசர் ஹைலே செலாசியின் அழைப்பின் பேரில்.

ஆச்சரியமான இன்னொரு சங்கதி: ஏறக்குறைய 1,600 ஆண்டுகளாக எத்தியோப்பியச் சபையின் தலைமை ஆயர் எகிப்திலிருந்து அனுப்பப்பட்ட வெளிநாட்டவராகவே இருந்தார். பெரும்பாலோருக்கு வந்து இறங்கும்போது உள்ளூர் மொழி தெரியாது. 1959-இல்தான் சபை தனித்து நின்றது. முதல் பிதாப்பிதாவாக, அதாவது சபையின் தலைவராக, எத்தியோப்பியரான பசிலியோஸ் பொறுப்பேற்றார்.

யூத வழக்கம் மாதிரி நிறைய இருக்கிறதாமே?

ஆமாம். ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம், பன்றி இறைச்சி விலக்கு, ஞாயிறோடு சனிக்கிழமையையும் ஓய்வுநாளாக மதிப்பது. சனிக்கிழமை விஷயத்தில் சபைக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. எவோஸ்தாதேயோஸ் என்ற துறவியின் வழிவந்தவர்கள் அதற்காக ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். கடைசியில் 1450-இல் சாரா யாகோப் அரசன் கூட்டிய சங்கத்தில் இரண்டு நாளும் புனிதம் என்று முடிவானது. கோயிலின் அமைப்பும் அப்படித்தான். மூன்று சுற்று, வெளியே பாடகர்கள், நடுவில் நற்கருணை பெறுவோர், உள்ளே குருமார் மட்டும் நுழையும் கருவறை.

உடன்படிக்கைப் பெட்டி உண்மையிலேயே அங்கே இருக்கிறதா?

மோசே பத்துக் கட்டளைப் பலகைகளை வைத்த பெட்டி அக்சுமில், சீயோன் மரியாள் ஆலய வளாகத்தில் ஒரு சிறு கோயிலுக்குள் இருக்கிறது என்பது எத்தியோப்பியத் திருச்சபையின் நம்பிக்கை. ஒரே ஒரு துறவிதான் காவலர். வாழ்நாள் முழுக்க அந்த வேலிக்குள்தான் இருப்பார். வேறு யாரும், பிதாப்பிதாவே ஆனாலும், பார்க்க முடியாது. 1941-இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியாக அங்கே போன அறிஞர் எட்வர்ட் உல்லென்டார்ஃப், தான் உள்ளே பார்த்ததாகவும் அது இடைக்காலத்து மரப்பெட்டி, காலியாக இருந்தது என்றும் பிற்காலத்தில் சொன்னார். நம்புகிறவர்களை அது அசைக்கவில்லை.

என்னைக் கேட்டால், பெட்டி ‘அசலா’ என்ற கேள்வியைவிட அது செய்யும் வேலை சுவாரசியமானது. எத்தியோப்பியாவில் ஒவ்வொரு ஆர்த்தடாக்ஸ் கோயிலிலும் தபோட் என்ற பலகை இருக்கிறது. அந்தப் பெட்டியின், கட்டளைப் பலகையின் பிரதி. மரத்திலோ கல்லிலோ செய்து, ஆயர் அர்ச்சித்த பிறகே கட்டடம் கோயிலாகும். தபோட் இல்லையென்றால் எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அது நாலு சுவர்தான். அதைக் குருமார் தவிர யாரும் பார்க்கக் கூடாது.

அந்தப் பெட்டி எருசலேமிலிருந்து அங்கே எப்படிப் போனது?

இதற்குப் பதில் ‘கெப்ர நகஸ்த்’, அதாவது ‘அரசர்களின் மகிமை’ என்ற நூலில் இருக்கிறது. பதினாலாம் நூற்றாண்டில் கீஸ் மொழியில் இன்றைய வடிவத்தை எடுத்த நூல். சேபா நாட்டு அரசி மக்கேதா சாலொமோனின் அறிவைக் கேள்விப்பட்டு எருசலேம் போகிறாள். கிளம்புவதற்கு முந்தைய இரவு, ‘என் வீட்டுப் பொருள் எதையும் எடுக்க மாட்டேன் என்று நீ சத்தியம் செய், நானும் உன்னைத் தொட மாட்டேன்’ என்கிறான் அவன். ஆனால் விருந்தில் வேண்டுமென்றே உப்பும் காரமுமாகப் போட்டுவிடுகிறான். நடு இரவில் தாகம் தாங்காமல் அவள் தண்ணீர்க் குவளையை எடுக்க, ‘சத்தியம் போச்சு’ என்று வந்து நிற்கிறான். அவர்களுக்குப் பிறந்தவன் மெனிலெக். வளர்ந்த பின் அப்பாவைப் பார்க்கப் போனவனோடு திரும்பிய எருசலேம் குருக்களின் பிள்ளைகள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

1270-இல் யெக்குனோ அம்லாக் தலைமையில் ஆட்சியைப் பிடித்த வம்சம் தன்னைச் சாலொமோனின் வாரிசு என்று சொல்லிக்கொண்டது. இந்த நூல் அதற்குப் பட்டயம் மாதிரி. 1974-இல் ஹைலே செலாசி பதவியிறக்கப்படும்வரை அந்த உரிமை பேசப்பட்டது; அவருடைய காலத்து அரசியல் சட்டத்திலேயே இந்த வம்ச வழி எழுதப்பட்டிருந்தது.

லாலிபெலா கோயில்களை எப்படிக் கட்டினார்கள்?

கட்டவில்லை, வெட்டினார்கள். மேலிருந்து கீழாக. மலைப்பாறையில் முதலில் நாலு பக்கமும் ஆழமான பள்ளம் எடுத்து, நடுவில் நிற்கும் பாறையைக் குடைந்து தூண், வளைவு, சன்னல், கூரை எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலைப் பார்த்தவர்களுக்கு முறை உடனே பிடிபடும். தவறு நேர்ந்தால் திருத்த வழியில்லாத வேலை.

மொத்தம் 11 கோயில்கள். சாக்வே வம்சத்து அரசன் லாலிபெலாவின் பெயரோடு, பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியையும் பதின்மூன்றின் தொடக்கத்தையும் ஒட்டியவை என்பார்கள். அதற்கு முன் ஊரின் பெயர் ரோஹா. சில அறைகள் அதற்கும் முந்தியவை, முதலில் வேறு பயன்பாட்டில் இருந்து பிறகு கோயிலானவை என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. எருசலேமுக்கு யாத்திரை போவது சிரமமானதால் இங்கேயே ஒரு எருசலேம் என்பது மரபு. நடுவே ஓடும் ஓடைக்கு யோர்தான் என்றே பெயர். பகலில் மனிதரும் இரவில் வானதூதரும் வேலை செய்தார்கள் என்பதும் மரபு. மேலிருந்து பார்த்தால் சிலுவையாகத் தெரியும் புனித ஜார்ஜ் கோயிலின் பள்ளத்து விளிம்பில் நின்றால் அந்த இரண்டாவது மரபை யார் ஏன் சொன்னார்கள் என்று புரிந்துவிடும்.

1978-இல் யுனெஸ்கோ முதன்முதலாக அறிவித்த பன்னிரண்டு உலக மரபுச் சின்னங்களில் லாலிபெலாவும் ஒன்று. மழையில் பாறை அரிப்பதைத் தடுக்கச் சில கோயில்களுக்கு மேல் பெரிய இரும்புக் கூரை போட்டார்கள். இப்போது அந்தக் கூரை விழுந்துவிடுமோ என்று ஊர்க்காரர்களுக்குப் பயம். அவர்கள் தெருவில் இறங்கிப் போராடியதும் உண்டு. ஜனவரி 7, கென்னா எனப்படும் கிறிஸ்துமஸ் அன்று வெள்ளைத் துணி போர்த்திய யாத்திரிகர்களால் ஊர் நிரம்பிவிடும்.

முக்கியமான திருவிழாக்கள் எவை?

திம்கத்தான் பெரியது. இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்ற நாள். வழக்கமாக ஜனவரி 19, சில ஆண்டுகளில் 20. முந்தின நாள் மாலை ஒவ்வொரு கோயிலின் தபோட்டும் பட்டுத் துணியில் சுற்றப்பட்டு, குருவின் தலைமேல் ஏறி, வண்ணக் குடைகளின் கீழே, பாட்டும் குலவையுமாக நீர்நிலைக்கு ஊர்வலம் போகும். உற்சவ மூர்த்தி புறப்பாடு பார்த்தவர்களுக்குக் கண்ணுக்குப் பழகிய காட்சி; ஒரே வித்தியாசம், இங்கே மூர்த்தியைத் துணிக்கு வெளியே யாரும் பார்க்க மாட்டார்கள். இரவு முழுக்கக் கரையில் தங்கல், விடியலில் நீர் அர்ச்சிப்பு, அப்புறம் தண்ணீர் தெளிப்பதும் குதிப்பதும். கோந்தரில் பேரரசர் ஃபாசிலிதெஸின் பெயரால் வழங்கும் குளத்தில் நடப்பது பேர்போனது. திம்கத் 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

செப்டம்பர் கடைசியில் மெஸ்கெல். சிலுவை கண்டெடுக்கப்பட்ட நினைவு. கம்பங்களை அடுக்கி மஞ்சள் மலர் கட்டிக் கொளுத்துவார்கள். நடுக்கம்பம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துப் பலன் சொல்வதும் உண்டு.

அவர்களுக்கு இப்போது வேறு வருடம் நடக்கிறதாமே?

நம்மைவிட ஏழெட்டு வருடம் பின்னால். இரண்டாயிரமாவது ஆண்டுப் பிறப்பை அவர்கள் கொண்டாடியது 2007 செப்டம்பர் 12-இல். கிறிஸ்து பிறந்த ஆண்டை வேறு விதமாகக் கணக்கிட்டதுதான் காரணம். ஆண்டுக்கு 13 மாதம்: முப்பது நாள் வீதம் பன்னிரண்டு, கடைசியில் ஐந்து நாளோ ஆறு நாளோ உள்ள பகுமே என்ற குட்டி மாதம். புத்தாண்டு எங்குதாதாஷ், செப்டம்பர் 11-இல் (சில ஆண்டுகளில் 12-இல்), பெருமழை முடிந்து மலைச்சரிவெல்லாம் மஞ்சள் பூ பூக்கும் நேரத்தில் வரும்.

மணியும் வேறு. பகல் தொடங்குவதிலிருந்து எண்ணுவார்கள். நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. நண்பகல் 6 மணி. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றும் விநோதமில்லை.

கீஸ் எழுத்து தமிழ் மாதிரி இருக்கும் என்கிறார்கள். உண்மையா?

வடிவத்தில் இல்லை, வேலை செய்யும் விதத்தில் ஆமாம். மெய்யெழுத்தின் உருவத்தோடு ஒரு சிறு கோடோ வளையமோ காலோ சேர்த்து உயிரொலியை மாற்றுவார்கள். நம் உயிர்மெய் போலவே. கீஸில் 26 மெய்கள், ஏழு உயிர்கள்; பள்ளிச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டவணையே நெடுங்கணக்குப் போலக் கட்டம் கட்டமாக இருக்கும். சபா எழுத்திலிருந்து பிறந்தது, ஆனால் அதில் உயிர்க்குறி கிடையாது. எசானா காலத்தை ஒட்டி, நாலாம் நூற்றாண்டில், இந்தக் குறிகள் வந்தன. இந்திய எழுத்துகளைப் பார்த்த யாரோ கொண்டுவந்த யோசனையாக இருக்கலாம் என்று சில அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். கடல் வணிகத்தைப் பார்த்தால் நடக்காதது இல்லை. ஆனால் நேரடிச் சான்று கிடையாது, ஆகவே நாம் பெருமைப்பட்டுக்கொள்ள அவசரப்பட வேண்டாம்.

கீஸ் இப்போது யாருக்கும் தாய்மொழி இல்லை. வழிபாட்டில் மட்டும் வாழ்கிறது. ஆனால் அம்ஹாரிக், திக்ரிஞா மொழிகள் அதே எழுத்தில்தான் எழுதப்படுகின்றன. கடைப் பலகையும் கைபேசிச் செய்தியும் உட்பட.

பைபிளில் கூடுதல் நூல்கள் உண்டா?

எத்தியோப்பிய பைபிளில் 81 நூல்கள் என்பது மரபுக் கணக்கு. அதில் ஏனோக்கு, யூபிலி என்ற இரண்டும் கவனிக்க வேண்டியவை. மற்ற உலகம் இவற்றைத் தொலைத்துவிட்டது. முழு வடிவம் கீஸ் மொழியில் மட்டுமே பிழைத்தது. 1773-இல் ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துப் பயணி பிரதிகளைக் கொண்டுபோன பிறகே ஐரோப்பா ஏனோக்கை முழுதாகப் படித்தது. பிறகு சாக்கடல் குகைகளில் அதன் அரமேயத் துண்டுகள் கிடைத்து, நூலின் பழமை உறுதியானது.

அத்வா அருகே அபா கரிமா மடத்தில் இருக்கும் சுவிசேஷப் பிரதிகளைச் சொல்லாமல் விட முடியாது. ஆட்டுத்தோலில் எழுதி வண்ணப்படம் தீட்டியவை. கார்பன் சோதனை அவற்றை 330-க்கும் 650-க்கும் இடைப்பட்ட காலத்தில் வைத்தது. உலகில் மிஞ்சியிருக்கும் ஓவியம் கொண்ட சுவிசேஷ நூல்களில் மிகப் பழையவற்றுள் இவை சேரும். கரிமா ஒரே நாளில் எழுதி முடித்தார், அதற்காகக் கடவுள் சூரியனை நிறுத்திவைத்தார் என்பது மடத்துக் கதை.

கோயிலில் கம்பும் மேளமும் வைத்து ஆடுகிறார்களே, அது என்ன?

அது யாரேத் என்பவரின் கொடை என்பார்கள். ஆறாம் நூற்றாண்டுக்காரர். பள்ளியில் பாடம் ஏறாமல் அடி வாங்கி ஓடிப்போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தபோது, ஒரு புழு மரத்தில் ஏறி ஏறி விழுந்து, ஏழாவது முறை மேலே போய்ச் சேர்ந்ததைப் பார்த்துத் திரும்பிப் போனாராம். கீஸ், இசில், அராராய் என்ற மூன்று பண்களை அமைத்தவர் அவரே. ஒருநாள் அவர் அரசன் முன் பாட, தன் ஈட்டி யாரேத்தின் காலில் இறங்கியது அரசனுக்குத் தெரியவில்லை. பாடிய யாரேத்துக்கும் தெரியவில்லை.

தெப்தெரா எனப்படும் பாடகர்கள் இதைப் பல ஆண்டுகள் மனப்பாடமாகவே கற்கிறார்கள். கையில் உயரமான பிரார்த்தனைக் கோல், இன்னொரு கையில் சலசலக்கும் உலோகக் கிலுக்கு, நடுவே கெபரோ மேளம். வழிபாடு பல மணி நேரம் நின்றபடியே நடக்கும். அந்தக் கோல் தாளத்துக்கு மட்டுமல்ல, சாய்ந்துகொள்ளவும்தான்.

இவ்வளவு நோன்பு இருந்தால் என்னதான் சாப்பிடுவார்கள்?

புதன், வெள்ளி ஏறக்குறைய எல்லா வாரமும் நோன்பு. ஈஸ்டருக்கு முன் 55 நாள். இன்னும் பல. எல்லாம் கூட்டினால் சாதாரண மக்களுக்கே ஆண்டில் பாதியை நெருங்கும். குருமார், துறவிகளுக்கு இன்னும் அதிகம். இறைச்சி, பால், நெய், முட்டை எதுவும் கூடாது. கடுமையாக இருப்பவர்கள் பிற்பகல் வரை தண்ணீரும் குடிக்க மாட்டார்கள்.

இதன் பலன், சைவச் சாப்பாட்டில் அபார வளர்ச்சி. தெஃப் என்ற மிகப் பொடிசான தானியத்தை அரைத்து, மாவைப் புளிக்கவிட்டு, பெரிய கல்லில் ஊற்றி எடுப்பது இஞ்செரா. ஒருபக்கம் மட்டும் வெந்த, துளை விழுந்த, புளித்த ஆப்பம் போல இருக்கும். அதன்மேல் கடலைமாவில் செய்த ஷிரோ, பருப்பு, கீரை, பீட்ரூட் எல்லாம் கூறுகூறாக வரும். ஒரே தட்டில் எல்லோரும் கையால் பிட்டுச் சாப்பிடுவார்கள். ‘பெயாய்னெத்து’ என்று கேட்டால் புதன்கிழமையில் எந்தச் சாப்பாட்டுக்கடையிலும் சைவம் நிச்சயம்.

இஸ்லாம் எப்போது வந்தது?

நபிகள் நாயகம் மக்காவில் இருக்கும்போதே. 615-ஐ ஒட்டி, மக்காவில் செல்வாக்கோடு இருந்த குறைஷிக் குலத்தாரின் கொடுமை தாங்காத முஸ்லிம்களை ‘ஹபஷா நாட்டுக்குப் போங்கள், அங்கே நீதியுள்ள அரசர் இருக்கிறார்’ என்று அவர் அனுப்பினார்; ஹபஷா என்றது எத்தியோப்பியாவைத்தான். மதீனா ஹிஜ்ரத்துக்கும் முந்தியது இது. அந்த அரசர்தான் நஜ்ஜாஷி. குறைஷிகள் பரிசுப் பொருளோடு தூதர்களை அனுப்பி இவர்களைத் திருப்பிக் கேட்டபோது, ஜாஃபர் இப்னு அபீதாலிப் மர்யம் அத்தியாயத்தை ஓதிக் காட்ட, அரசர் கண்கலங்கி ஒப்படைக்க மறுத்தார் என்பது வரலாறு. அவர் இறந்த செய்தி வந்ததும் நபிகள் அவருக்காக ஜனாஸா தொழுகை நடத்தினார். முதல் பாங்கு சொன்ன பிலாலும் ஹபஷி வம்சத்தவர். திக்ரையில் நெகாஷ் என்ற ஊரில் நஜ்ஜாஷி பள்ளிவாசல் இருக்கிறது. 2020-இல் தொடங்கிய போரில் சேதப்பட்டது.

கிழக்கே ஹரார். பதினாறாம் நூற்றாண்டுச் சுவருக்குள் நெருக்கியடித்த ஊர். 82 பள்ளிவாசல்கள், 102 தர்காக்கள் என்று யுனெஸ்கோ கணக்கு. இரவில் ஊருக்கு வெளியே கழுதைப்புலிகளுக்கு இறைச்சி ஊட்டும் வழக்கம் இன்றும் உண்டு. அதே கிழக்கிலிருந்துதான் 1529-இல் தொடங்கி இமாம் அகமது கிறிஸ்தவ அரசை ஏறக்குறைய முடித்துவிட்டார். எத்தனையோ கோயில்களும் ஏடுகளும் எரிந்தன. அரசனுக்கு உதவ வந்த போர்த்துக்கீசியப் படையின் தலைவர் கிறிஸ்தோவாவ் தகாமா, நமக்குத் தெரிந்த வாஸ்கோவின் மகன். அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். 1543-இல் இமாமும் போரில் இறந்தார். அடைக்கலக் கதையை மட்டும் சொல்லி இதை விட்டுவிடுவது சரியாக இருக்காது.

எத்தியோப்பிய யூதர்கள் யார்?

கோந்தர், திக்ரை மலைகளில் வாழ்ந்த பெத்த இஸ்ரயேல் மக்கள். ‘ஃபலாஷா’ என்று வெளியார் அழைத்த பெயரை அவர்கள் இழிவாகக் கருதுகிறார்கள். அவர்களின் வேதமும் கீஸ் மொழியில்தான். யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்மூத் அவர்களிடம் இருந்ததில்லை. யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாளுக்கு ஐம்பதாம் நாள் மலையேறி எருசலேமை நோக்கி வேண்டும் சிக்த் விழா அவர்களுக்கே உரியது. பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். 1991 மே மாதம் ஏறத்தாழ 36 மணி நேரத்தில் 14,000-க்கும் மேற்பட்டோரை விமானங்கள் ஏற்றிச் சென்றன. சிக்த் 2008 முதல் இஸ்ரேலில் அரசு விழா.

மரபு வழிபாடுகள் மிஞ்சியிருக்கின்றனவா?

ஒரோமோ மக்களின் வாக்கேஃபன்னா இருக்கிறது. வாக்கா ஒரே கடவுள். கோயில் கட்டடம் தேவையில்லை. மரமும் நீர்நிலையும் குன்றும் போதும். மழைக்காலம் முடிந்ததும் இரெச்சா: பிஷோஃப்துவில் ஏரிக்கரையில் லட்சக்கணக்கானோர் பச்சைப் புல்லும் பூவும் ஏந்தி வந்து, நீரில் தோய்த்து நன்றி சொல்வார்கள். முஸ்லிம், கிறிஸ்தவ ஒரோமோக்களும் வருவார்கள். எட்டு ஆண்டுக்கு ஒருமுறை தலைமை மாறும் அவர்களின் கதா ஆட்சிமுறை 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

ராஸ்தஃபாரி எத்தியோப்பிய மதமா?

இல்லை, ஜமைக்காவில் பிறந்தது. 1930-இல் ராஸ் தஃபாரி ஹைலே செலாசி என்ற பெயரில் முடிசூடியதும் அவரை இறையவதாரமாகக் கொண்டார்கள். அவர் கடைசிவரை ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்.

திருடுபோன புனிதப் பொருள்கள் திரும்பி வந்தனவா?

கொஞ்சம். 1868-இல் பேரரசர் தெவோத்ரோஸின் மக்தலா கோட்டையைப் பிரிட்டிஷ் படை பிடித்தது. பம்பாயிலிருந்து நேப்பியர் தலைமையில் போன படை அது. இந்திய யானைகள் நாற்பதுக்கு மேல் போயின. மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவும் போனது, ‘அபிசீனியா’ என்ற போர்ப் பட்டம் இன்றும் அவர்கள் வரலாற்றில் இருக்கிறது. தோற்கடித்த பின் ஏடுகள், சிலுவைகள், கிரீடம் எல்லாம் கொள்ளை போயின. அவற்றில் 11 தபோட்கள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பார்வைக்கு வைக்கப்படுவதில்லை, அருங்காட்சியக ஊழியர்களுக்கே அனுமதியில்லை, எத்தியோப்பியக் குருமார் மட்டும் பார்க்கலாம். யாரும் பார்க்க முடியாத பொருளை அருங்காட்சியகம் எதற்கு வைத்திருக்கிறது என்று கேட்டால், சட்டம் தடுக்கிறது என்பது பதில்.

அவர்கள் பெயரில் குடும்பப் பெயர் எது?

கிடையாது. நம்மைப் போல, பின்னால் வருவது அப்பா பெயர். அபேபே பிகிலா என்றால் பிகிலாவின் மகன் அபேபே. ‘திரு. பிகிலா’ என்று அழைத்தால் அப்பாவைக் கூப்பிட்டதாகிவிடும்.

போய்ப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை?

வடக்கு மாநிலங்களில் அண்மை ஆண்டுகளில் சண்டைகள் நடந்திருக்கின்றன. கிளம்புமுன் நிலவரம் விசாரியுங்கள். கோயிலுக்குள் செருப்பு கூடாது, ஆண் பெண் தனித்தனிப் பக்கம். கயிறு பிடித்து ஏற வேண்டிய தெப்ரே தாமோ மடத்துக்குப் பெண்களுக்கு அனுமதியில்லை. யாராவது காபிக்குக் கூப்பிட்டால் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கொட்டையை எதிரிலேயே வறுத்து, இடித்து, அபோல், தோனா, பரக்கா என்று மூன்று சுற்று ஊற்றுவார்கள், முதல் சுற்றோடு எழுந்தால் மரியாதையில்லை. அப்புறம், பேருந்து இரண்டு மணிக்கு என்று சொன்னால் எந்த இரண்டு மணி என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது காலை எட்டு.